நிலாவெளிப் படகுக்கார அண்ணாமாருக்கு: எஞ்சினை இழுக்க முன் இரண்டு நிமிடம்

அன்புள்ள அண்ணாமார், தம்பிமார் எல்லாருக்கும்,

வணக்கம். நான் வவுனியாவில் இருக்கிறேன். கடல் இல்லாத ஊர். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் வான் பிடித்து, ஹொரவப்பொத்தானை வழியாக உங்கள் கரைக்கு வந்து சேருகிற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மூன்று வருடமாக ஆகஸ்ட் மாதத்தில் வருகிறோம். மூன்று தடவையும் நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவுக்குப் போனோம், மூன்று வேறு வேறு வள்ளங்களில். அந்த மூன்று பயணங்களும்தான் இந்த மடலை எழுத வைத்தன.

யாரையும் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. எந்த வள்ளம், யார் ஓட்டினார் என்பதெல்லாம் இதில் வராது. உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆட்களை ஏற்றிய பிறகு, எஞ்சினை இழுக்க முன், அவர்களோடு இரண்டு நிமிடம் கதையுங்கள். தண்ணீருக்குள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையை வாசிக்கிற மனநிலையில் கடற்கரைக்கு யாரும் வருவதில்லை. உங்கள் வாயால் சொன்னால் கேட்பார்கள். ஏனென்றால் அந்த நேரத்தில் எங்கள் உயிரே உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதல் வருடம் என் மகனுக்கு ஒன்பது வயது. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, கண்ணாடியையும் குழாயையும் மாட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டோம். குழாய்க்குள் தண்ணீர் போனதும் இருமிக்கொண்டு காலை ஊன்றினான். அவனைப் பிடிக்கப் போய் நானும் ஊன்றினேன். காலுக்குக் கீழே அப்பளம் நொறுங்கின மாதிரி இருந்தது. காதில் ஒன்றும் கேட்கவில்லை, உள்ளங்கால்தான் உணர்ந்தது. கல் என்று நினைத்தேன். அப்படியே இரண்டு மூன்று எட்டு வைத்து நடந்தும் போனேன்.

அன்று பின்னேரம் அறையில் காலில் இருந்த கீறலுக்கு மருந்து போடும்போதுதான், அது உயிருள்ள முருகைக்கல், அதாவது பவளப்பாறை, என்று கணவர் சொன்னார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பேன். ஆனால் படித்தது வேறு, காலுக்குக் கீழே வந்தது வேறு. அரிசிமணியிலும் சின்ன உயிர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கட்டிய வீடு அது. மான்கொம்பு மாதிரிக் கிளை விடுகிற வகை வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவில் வளரும். பாறாங்கல் மாதிரி உருண்டு கிடக்கிற வகை ஒரு வருடத்தில் ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. அப்படிப் பார்த்தால், முழங்கால் உயரத்துக்கு நிற்கிற ஒரு உருண்டைக்கல் நான் பிறக்க முன்பே அந்த இடத்தில் வளரத் தொடங்கியிருக்கும். அதன் மேல் ஏறி நின்றுகொண்டு படம் எடுத்தவர்களை அதே நாளில் நான்கு பேர் பார்த்தேன். அவர்களும் என்னைப் போலத்தான், கல் என்று நினைத்திருப்பார்கள்.

“கீழே தெரிகிறதெல்லாம் உயிர், காலை ஊன்ற வேண்டாம், களைத்தால் மல்லாந்து மிதவுங்கள், மணல் தெரிகிற இடத்தில் மட்டும் நில்லுங்கள்” என்று வள்ளத்தில் யாராவது சொல்லியிருந்தால் நான் ஊன்றியிருக்க மாட்டேன். மகனையும் முதலில் மணலில் வைத்துப் பழக்கியிருப்பேன். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

போன வருடம் நடந்ததைச் சொல்ல இன்னும் மனம் கனக்கிறது.

பாறை விளிம்பு ஒன்றின் கீழே ஒரு அழுங்காமை மேய்ந்துகொண்டிருந்தது. என் மகள்தான் முதலில் கண்டாள். கிளியின் மூக்குப் போல வளைந்த வாய், ஓட்டின் பின்விளிம்பு வாள் பல்லுப் போல. முன்கையை ஒரு கல்லில் ஊன்றி, தலையைப் பொந்துக்குள் நுழைத்து எதையோ பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. கடற்பஞ்சுதான் அதற்குப் பிடித்த சாப்பாடு என்று பிறகு வாசித்தேன். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி மிதந்துகொண்டு பார்த்தோம். அது எங்களைக் கவனித்தமாதிரியே தெரியவில்லை. ஒரு நிமிடம் இருக்கும்.

அப்புறம் யாரோ “ஆமை! ஆமை!” என்று கத்தினார்கள். பக்கத்தில் நின்ற வள்ளங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எட்டுப் பேர், பத்துப் பேர். ஒரு பொடியன் முங்கிப் போய் ஓட்டின் விளிம்பைப் பிடித்தான், இன்னொருவன் போனில் படம் பிடித்தான். ஆமை உதறிக்கொண்டு மேலே வந்தது. மேலே முழுக்க எங்கள் கால்கள். மூக்கு நீர்மட்டத்தைத் தொட்டதா இல்லையா என்ற அளவில் திரும்பி, மறுபடி கீழே போனது. இன்னொரு பக்கமாக வந்தது. அங்கேயும் ஆட்கள். மூன்றாம் தடவை அது மேலே வரவில்லை. ஆழத்துக்குப் போய்விட்டது. மூச்சு எடுத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சும்மா படுத்துக் கிடக்கும்போது மணிக்கணக்கில் மூச்சை அடக்கும். துரத்தினால் அந்தக் காற்று சீக்கிரமே தீர்ந்துவிடும், உடனே மேலே வந்தாக வேண்டும். மேலே வழியை மறித்துக்கொண்டு நிற்பதும் அதன் வாயைப் பொத்துவதும் ஒன்றுதான். அழுங்காமை உலகத்தில் அழியும் தறுவாயில் இருக்கிற இனம் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். சீப்புக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் அதன் ஓட்டுக்காகவே தலைமுறை தலைமுறையாகக் கொன்று தீர்த்ததில் மிஞ்சியவை இவை. நம் நாட்டில் கடலாமைகளைத் தொந்தரவு செய்வது 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். அந்தப் பொடியனுக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்காது. கெட்ட பிள்ளையாகவும் தெரியவில்லை. வெளியே வந்ததும் என் மகளின் கழன்ற கண்ணாடியை அவன்தான் தேடி எடுத்துத் தந்தான். ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை, அதுதான் நடந்தது.

இனி இடையில் வந்த இரண்டாம் வருடத்துக்கு வருகிறேன். அந்த வருடம் போனதனால்தான் இந்த மடலை எழுதுகிற தைரியமே வந்தது.

அந்தத் தடவை எங்களை ஏற்றியவர் வயதானவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, எஞ்சினின் கயிற்றைக் கையில் பிடித்தபடி, இழுக்காமல் எங்கள் பக்கம் திரும்பினார். “எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ” என்றார். கல்லில் நிற்க வேண்டாம், ஒன்றையும் தொட வேண்டாம், ஒன்றையும் எடுக்க வேண்டாம், சாப்பாடு போட வேண்டாம் என்று விரல் மடக்கிச் சொன்னார். நீந்தத் தெரியாதவர்கள் யார் என்று கேட்டார். நான் கை உயர்த்தினேன். எனக்கு ஒரு மிதவை வளையம் தந்தார். கடைசியாக என் மகனைப் பார்த்து, “சுறா பாக்க வேணுமோ? அப்ப தேடாதை. அசையாமல் மிதந்துகொண்டு கிட. நீ துரத்தினா அது போயிடும். நீ சும்மா இருந்தா, இது ஆரெண்டு பாக்க அதுவே வரும்” என்றார்.

தீவை நெருங்கும்போது எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, கல் இருக்கிற இடத்தை விலக்கி, மணல் பக்கமாகக் கொண்டுபோய் விட்டார். மிதந்துகொண்டு கிடந்தோம். கால் மணித்தியாலம் போயிருக்கும். கிளிமீன்கள் கல்லைக் கொறிக்கிற ‘கறுக் கறுக்’ சத்தம் தண்ணீருக்குள் அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. திடீரென்று மகன் என் விரலை இறுக்கினான். இடப்பக்கத்திலிருந்து ஒரு சுறா வந்தது. என் உயரம்கூட இருக்காது. முதுகுச் செட்டையின் நுனி மையில் தோய்த்து எடுத்ததுபோல் கறுப்பு, விலாவில் ஒரு வெள்ளைக் கோடு. ஐந்தாறு மீற்றர் தள்ளி, எங்களை ஒரு கண்ணால் பார்த்தபடி, வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு கடந்து போனது. போய், திரும்பி, இன்னொரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனது. எங்கள் வள்ளத்தில் வந்த ஏழு பேரும் பார்த்தோம். அதே நேரம் தீவின் மற்றப் பக்கத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு துரத்தியவர்கள் வாலை மட்டும்தான் கண்டார்களாம், கரையில் சந்தித்தபோது சொன்னார்கள்.

அந்தக் கறுப்புச் செட்டைச் சுறாவைப் பற்றி வீட்டுக்கு வந்து தேடித் தேடி வாசித்தேன். வளர்ந்தாலே ஒன்றரை மீற்றர் அளவுதானாம். ஆழமில்லாத கல்லுப் பகுதியை விட்டு அதிகம் போகாது. மனிதரைக் கண்டால் கூச்சப்படுகிற வகை. ஓயாமல் நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுளுக்குள் தண்ணீர் ஓடும், மூச்சு வரும். முட்டை இடுவதில்லை, குட்டிதான் போடும், அதுவும் ஒரு தடவைக்கு இரண்டு முதல் நான்கு. மற்ற மீன்கள் மாதிரி லட்சக்கணக்கில் பெருகுகிற சாதி இல்லை. பத்துச் சுறா அந்தத் தீவை விட்டுப் போனால், அந்த இடத்தை நிரப்ப எத்தனை வருடம் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி, உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் நினைக்காமல் இல்லை. வாடைக்காற்று தொடங்கினால் உங்கள் தொழில் படுத்துவிடும். மே தொடக்கம் செப்டெம்பர், ஒக்டோபர் வரைக்கும்தான் சீசன். அதற்குள் வருடம் முழுக்கச் சாப்பிடச் சம்பாதிக்க வேண்டும். சுனாமியில் வள்ளத்தையும் வலையையும், சிலர் ஆட்களையும் பறிகொடுத்த கரை அது. போர்க்காலத்தில் கடலுக்கு இறங்கவே அனுமதி வாங்க வேண்டியிருந்த கரை. அதற்குப் பிறகு வந்த பிழைப்பு இது. வருகிற ஆளும் “சுறா காட்டுவியா, ஆமை காட்டுவியா” என்று கேட்டுத்தான் ஏறுகிறார். காட்டாவிட்டால் முகம் சுருங்கும், பக்கத்து வள்ளத்தைத் தேடிப் போவார். இதெல்லாம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நான் பார்த்த அளவில், சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவரின் வள்ளத்தில்தான் சுறாவைக் கண்டோம். இறங்கும்போது பேசிய காசுக்கு மேலே கொடுத்ததும் அவருக்குத்தான்.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. அது ஹிக்கடுவையைப் பற்றியது. ஒரு காலத்தில் இலங்கையில் முருகைக்கல் பார்க்கப் போவதென்றால் எல்லாரும் அங்கேதான் போவார்கள். 1979இல் சரணாலயம், 2002இல் தேசிய பூங்கா. 1998இல் கடல் சூடாகி முருகைக்கல் வெளுத்தபோது அங்கே பெரும்பகுதி செத்துப்போனது. அந்தச் சூட்டை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் மிஞ்சியது திரும்ப எழும்ப விடாமல், கண்ணாடி அடித்தட்டுப் படகுகளும் மிதிக்கிற கால்களும் மேலே மேலே விழுந்துகொண்டிருந்தன. அதே 1998இல் திருகோணமலைப் பக்கத்துக் கற்கள் பெரிய சேதமில்லாமல் தப்பின. நாம் இன்றைக்கு முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் காண்கிற நிறமெல்லாம் அப்படித் தப்பியதன் மிச்சம். அதற்குப் பிறகும் கடல் சூடாகிக்கொண்டுதான் இருக்கிறது. 2023இல் தொடங்கி உலகம் முழுக்க மறுபடி ஒரு வெளுப்பு வந்தது. சூட்டில் வெளுத்த கல் உடனே சாவதில்லை. தண்ணீர் குளிர்ந்து, அதைச் சும்மா விட்டால், நிறம் திரும்பி வரும். காய்ச்சலில் கிடக்கிறவனை மிதிக்காமல் இருப்பது மாதிரித்தான். சூட்டைக் குறைக்க உங்களாலோ என்னாலோ முடியாது. காலைத் தூக்கி வைக்க முடியும்.

சாப்பாடு போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாண் துண்டைத் தூவினால் கோடு போட்ட சின்ன மீன்கள் மொய்த்துக்கொண்டு வருவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். என் பிள்ளைகளும் கேட்டார்கள். ஆனால் கல்லின் மேல் படர்கிற பாசியை மேய்ந்து துப்புரவாக்குகிற வேலை மீன்களுடையது. அவை மேய்ச்சலை விட்டுப் பாணுக்குக் காத்திருந்தால் பாசி கல்லை மூடும். கிளிமீன் கொறித்துக் கழிக்கிற முருகைத் தூள்தான் இப்படிப்பட்ட தீவுகளின் வெண்மணலில் ஒரு பங்கு என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். மகள் அன்று முழுக்க மணலை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாண் கேட்கவில்லை. பிலிப்பைன்ஸில் ஒஸ்லொப் என்ற ஊரில் திமிங்கிலச் சுறாக்களுக்கு வள்ளத்திலிருந்து கூனி இறால் போட்டுப் பழக்கியிருக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் போக வேண்டிய மிருகங்களில் சில, வள்ளத்தைக் கண்டதும் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. உடம்பில் வள்ளம் உரசிய தழும்பு. நிலாவெளிச் சுறாவை அப்படிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

மாலைதீவில் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஹனிஃபாரு என்ற குடாவில் ஆனைத் திருக்கைகள் கூட்டமாக மேய வரும். அங்கே காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்கவே விடுவதில்லை. மேலே மிதந்து பார்க்கலாம், அதுவும் அனுமதி பெற்ற வழிகாட்டியோடு, குறித்த நேரத்துக்கு மட்டும். திமிங்கிலச் சுறாவோடு நீந்துகிறவர்கள் உடம்புக்கு மூன்று மீற்றர், வாலுக்கு நான்கு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்று இறங்க முன் சொல்லித்தான் இறக்குகிறார்கள். ஹவாயில் 2021இலிருந்து சுழல் டொல்பின்களுக்கு 50 யார் (சுமார் 46 மீற்றர்) தூரத்துக்குள் போகவே கூடாது. அவை இரவில் வேட்டையாடிவிட்டுப் பகலில் கரையோரம் தூங்க வருகிறவை, நாம் கிட்டப் போய் ஆசையாக நீந்தினால் அவற்றின் தூக்கம் போய்விடுகிறது. இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் சனம் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

வனஜீவராசிகள் அதிகாரிகளுக்கும் இந்த மடல் கிடைத்தால் ஒரு வேண்டுகோள். புறாமலை 1963இலிருந்து சரணாலயமாகவும் 2003இலிருந்து தேசிய பூங்காவாகவும் இருக்கிற இடம். படகோட்டுகிறவர்களைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு, அதிலிருந்தே நான்கைந்து வசனத்தை மூன்று மொழியிலும் எழுதி ஒரு அட்டையில் அடித்துக் கொடுங்கள். சட்டம் தெரிந்தவர் எழுதின வசனமாக இல்லாமல், கடல் தெரிந்தவர் சொல்கிற வசனமாக இருக்கட்டும். சிங்களமோ ஆங்கிலமோ சரளமாக வராதவர்கூட அட்டையைப் பார்த்துச் சொல்லலாம்.

என்ன சொல்வது என்று கேட்டால், அந்தப் பெரியவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்வேன். அதோடு, ஆமையைக் கண்டால் கத்தாமல் கையைக் காட்டச் சொல்லுங்கள். அது மேலே வருகிற வழியை விடச் சொல்லுங்கள். கிறீம் பூசிக்கொண்டு இறங்குவதற்குப் பதிலாகக் கை நீண்ட ரீசேட் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், கிறீம்களில் சிலது முருகைக்கல்லுக்கு ஆகாது. செத்த கல்லானாலும் சிப்பியானாலும் பைக்குள் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். நேரம் இருந்தால் புறாக்களையும் காட்டுங்கள். தீவுக்குப் பெயர் கொடுத்த மாடப்புறாக்கள் அந்தப் பாறைகளில்தான் கூடு கட்டுகின்றன. மூன்று வருடத்தில் ஒருவர்கூட எங்களுக்கு அவற்றைக் காட்டவில்லை, நாங்களும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்து விட்டுவிட்டோம்.

என் ஊர்ச் சனத்துக்கும் ஒரு வார்த்தை. ஏறும்போது “சுறா காட்டுவியா” என்று கேட்காதீர்கள். “என்ன செய்யக்கூடாது, சொல்லுங்கோ அண்ணை” என்று கேளுங்கள். நாம் கேட்டால் அவர்களும் சொல்லத் தொடங்குவார்கள்.

வருகிற ஆகஸ்டிலும் வருகிறோம். இந்தத் தடவை தங்கையின் குடும்பமும் சேர்ந்து எட்டுப் பேர். அதில் இரண்டு பிள்ளைகள் கடலை முதல் தடவையாகப் பார்க்கப் போகிறார்கள். கடல் கலங்க முன் போகலாம் என்று விடியவே கரையில் வந்து நிற்போம். யாருடைய வள்ளத்தில் ஏறுவோம் என்று தெரியாது. யாராக இருந்தாலும், கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் ஒருக்காத் திரும்புங்கள். பிள்ளைகளை முன்னுக்கு இருத்தி வைத்திருப்பேன்.

அன்புடன்,
வவுனியாவிலிருந்து ஒரு தாய்